கட்டையிடை நேரம்: ஒரு சொல் முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

'பிளாக் டைம்' என்ற ஆங்கில விமானத்துறைச் சொல்லுக்கு நம் கலைச்சொல் பட்டியலில் 'தொகுதி நேரம்' என்று இடம்பெற்றிருப்பதை ஏற்க எனக்கு மனம் ஒப்பவில்லை. இங்கே பிளாக் என்பது தொகுதி அன்று. நிற்கும் விமானம் நகர்ந்துவிடாதபடி அதன் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் வைக்கும் கட்டை. ஏற்றத்தில் லாரி நின்றதும் கிளீனர் குதித்திறங்கிப் பின்சக்கரத்துக்குக் கட்டை போடுவாரே, அதே வேலைதான். அந்தக் கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்குவது முதல், போய்ச் சேர்ந்த நிலையத்தில் அது நின்று மீண்டும் கட்டை போடும் வரை ஆகும் நேரத்தையே அச்சொல் குறிக்கிறது. ஆகவே 'கட்டையிடை நேரம்' என்று முன்மொழிகிறேன்.

'பறப்பு நேரம்' போதாதா என்ற கேள்வி எழுந்தது. போதாது. சக்கரம் தரையை விட்டு எழும் கணம் முதல் மீண்டும் தரையைத் தொடும் கணம் வரையிலான நேரத்துக்கு அதை ஒதுக்கி வைக்க வேண்டும். விமானத்தின் பராமரிப்புக்குக் கணக்கிடப்படுவது அந்த நேரமே. ஆங்கிலத்திலேயே இதில் குழப்பம் உண்டு. பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் வரையறைப்படி 'ஃபிளைட் டைம்' என்பது, புறப்படுவதற்காக விமானம் முதலில் நகர்வதிலிருந்து இறுதியாக ஓய்ந்து நிற்கும் வரையிலான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், அங்கே வரிசையில் காத்து நிற்பதும் அதற்குள் அடங்கும். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அந்தக் குழப்பத்தையும் சேர்த்தே இறக்குமதி செய்தவர்களாவோம். பயணச்சீட்டில் அச்சிடும் புறப்பாடு, வருகை நேரங்கள்கூடக் கட்டைக் கணக்கில் அமைந்தவைதாம்.

தொலைவிலும் இதே சிக்கல்தான். 'வான்வழித் தொலைவு' என்பது விமானம் உண்மையில் பறந்த வழியையும், உருண்டையான புவிப்பரப்பின்மேல் இரண்டு ஊர்களுக்கிடையே உள்ள மிகக் குறுகிய வழியையும் ஒருசேரக் குறித்துவிடுகிறது. பின்னதற்குப் 'பெருவட்டத் தொலைவு' என்றும், முன்னதற்குப் 'பறந்த தொலைவு' என்றும் பிரித்துக்கொள்ளலாம். புவி உருண்டையில் தில்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது சைபீரியாவைக் கடந்து ஆர்க்டிக் பெருங்கடலைத் தொட்டு அலாஸ்கா வழியே இறங்கும். அந்த நீளம் ஏறத்தாழ 12,400 கிலோமீட்டர். ஆனால் 2016 அக்டோபரில் ஏர் இந்தியா இந்தச் சேவையை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியபோது, பறந்த தொலைவு ஏறத்தாழ 13,900 கிலோமீட்டரிலிருந்து 15,300 ஆகக் கூடியது. இருந்தும், மேற்கிலிருந்து கிழக்காக வீசும் காற்று பின்னிருந்து தள்ளியதால் பயண நேரம் குறைந்தது. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்தச் செய்தியை எப்படி எழுதுவது?

'கட்டை' கொச்சையாக ஒலிக்கிறது என்று சிலர் கருதக்கூடும். ஓட்டுநர்களும் கிளீனர்களும் அன்றாடம் புழங்கும் சொல் என்பதே எனக்கு அதன் தகுதியாகப் படுகிறது. வேறு சொல் தருபவர்கள், நின்ற சக்கரமும் அதை நிறுத்திய பொருளும் அதில் புலப்படுமாறு தர வேண்டுகிறேன்.

அன்புடன்