ஈவில் டெட் முதல் காட்சி எந்த நாள்? ஆதாரம் தேவை

நண்பர்களே, ஒரு உதவி. திகில் படங்களை முதல் காட்சி தேதிப்படி வரிசைப்படுத்திக் குறித்து வருகிறேன், இயக்குநர் சாம் ரைமியின் 'தி ஈவில் டெட்' வந்ததும் பேனா நின்றுவிட்டது. ஓரிடத்தில் 1981, இன்னோரிடத்தில் 1982, மாமா வைத்திருந்த பழைய கேசட்டின் ஓரத்தில் நீல மையில் 1983.

நான் நம்புவது 1981 அக்டோபர் 15, வியாழக்கிழமை, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டில் உள்ள ரெட்ஃபோர்ட் தியேட்டர். ரைமி சின்ன வயதில் படம் பார்த்த அதே அரங்கம். அன்றைக்குப் படத்தின் பெயரே வேறு, 'புக் ஆஃப் தி டெட்'. விநியோகம் செய்த இர்வின் ஷபீரோ சொல்லித்தான் பிறகு பெயரை மாற்றினார்கள், குழப்பத்துக்குப் பாதிக் காரணம் இதுதான் என்று தோன்றுகிறது, ஏனென்றால் புதுப் பெயரில் தேடினால் பழைய விளம்பரம் எப்படிக் கிடைக்கும்? அப்புறம் 1982இல் பிரான்சின் கான் நகரில், திரைப்பட விழாச் சமயத்தில் காட்டினார்கள், திகில் எழுத்தாளர் ஸ்டீபன் கிங் பார்த்துவிட்டுப் புகழ்ந்து எழுதினார். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தியேட்டருக்கு வந்தது 1983இல்தான். அதனால் 1982, 1983 எதுவுமே முதல் காட்சி கிடையாது.

எனக்கு வேண்டியது அந்த இரவின் அச்சுச் சான்று. டிக்கெட், அழைப்பிதழ், 1981 அக்டோபர் மாத டெட்ராய்ட் செய்தித்தாள்களின் சினிமா பக்கம், எது இருந்தாலும் சரி. மிச்சிகன் பக்கம் இருப்பவர்கள் யாராவது நூலகத்தில் மைக்ரோஃபிலிம் (பழைய செய்தித்தாள்களைப் படமெடுத்து வைத்திருக்கும் சுருள்) பார்த்துச் சொல்ல முடியுமா? பழைய பெயரிலேயே தேடுங்கள். மங்கலான போட்டோவாக இருந்தாலும் போதும், தேதி தெரிந்தால் சரி.