அலர்ஜி டெஸ்ட், பூச்சி, ஈஸ்னோபில்: டெல்டா பக்கம் உள்ளவங்க அனுபவம் சொல்லுங்க

மன்னார்குடி அம்மா:
மூணாவது படிக்கிற பையன். பனி விழ ஆரம்பிச்சா தும்மல், ராத்திரி இளைப்பு. ரத்தத்துல அலர்ஜி டெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க. தூசிப்பூச்சி (மெத்தைத் தூசியில இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத பூச்சி), கரப்பான், இறால் மூணும் பாசிட்டிவ். ரிப்போர்ட்டோட ஒரு அட்டையும் குடுத்தாங்க: இறால், நண்டு வாழ்நாள் முழுக்கத் தவிர்க்கவும். இவன் பல்லு முளைச்ச நாள்ல இருந்து எங்க மாமியார் வைக்கிற இறால் தொக்குலதான் சோறு பிசைஞ்சு சாப்பிடுறான். ஒரு தடிப்பு வந்ததில்ல. மாமியார், "வயித்துல பூச்சி இருந்தா எல்லாந்தான் வரும், மொதல்ல பூச்சி மாத்திரை குடு"ங்கிறாங்க. யாருக்காவது இந்த மாதிரி ஆச்சா?

நாகப்பட்டினம், மீன் வியாபாரக் குடும்பம்:
எங்க வீட்டுக்காரருக்கு நெஜமாவே இறால் ஆகாது. ஒரு வாய் வச்சா உதடு வீங்கிடும், தொண்டை அடைக்கும். அவருக்கும் இதே மூணும் பாசிட்டிவ்தான். உங்க பையன் ரிப்போர்ட்டும் அவர் ரிப்போர்ட்டும் பார்க்க ஒண்ணாத்தான் இருக்கும், ஆனா ஆள் வேற. வஞ்சிரம், கெளுத்தி எல்லாம் அவர் நல்லாச் சாப்பிடுவார். டாக்டர் சொன்னது, மீன்ல ஒவ்வாமை தர்ற புரதம் வேற, இறால்ல உள்ளது வேறயாம்.

லேப் தம்பி, கும்பகோணம்:
அக்கா, நான் லேப்ல வேலை பார்க்கிறவன். வைத்தியம் சொல்ல மாட்டேன், டெஸ்ட் என்ன செய்யுதுன்னு சொல்றேன்.

இறால் தசையில ட்ரோப்போமயோசின்னு ஒரு புரதம் இருக்கு. அதே புரதம் கொஞ்சம் மாறின வடிவத்துல தூசிப்பூச்சி, கரப்பான், நண்டு எல்லாத்துலயும் உண்டு. குடல்ல இருக்கிற உருண்டைப்புழுவோட தசையிலயும் உண்டு. புழுவை எதிர்க்க உடம்பு ஐஜிஇ எதிர்ப்புப் பொருளை ஏராளமா செய்யும், அதுல ஒரு பங்கு இந்தப் புரதத்தைப் பிடிக்கிற வகை. ஊர்ல பெருசுங்க மூக்கைப் பார்த்தே "நீ இன்னார் பேரன்தானே"ன்னு கேப்பாங்கல்ல, அந்த மாதிரி அது இறால் புரதத்தைப் பார்த்தாலும் ஒட்டிக்கும். மெஷின் எண்ணுறது ஒட்டினதைத்தான். உள்ள நுழைஞ்சது தூசிப்பூச்சியா, புழுவா, இறாலா, எது முதல்ல அதைக் கிளப்பி விட்டதுன்னு அதுக்குத் தெரியாது.

சமைச்சா போயிடுமான்னு கேக்காதீங்க, இந்தப் புரதம் கொதிச்சாலும் நிக்கும். அதனால உங்க பையன் தொக்கைச் சாப்பிட்டு ஒண்ணும் ஆகலங்கிறதுதான் ரிப்போர்ட்டை விடப் பெரிய தகவல். அதை டாக்டர்கிட்ட மொத வரியா சொல்லுங்க. இறால் நல்லாச் சாப்பிடுற பிள்ளைக்கு யார் அந்தப் பேனல்ல இறாலைச் சேர்த்தாங்கன்னு எனக்குப் புரியல. முப்பது நாப்பது பொருளை மொத்தமா போட்டுப் பார்க்கிற பழக்கம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

உருண்டைப்புழு இருக்கான்னு தெரிய மலப் பரிசோதனை போதும். முட்டையைக் கண்ணால பார்க்கிறதுக்கு மேல சாட்சி வேணாம்.

திருவாரூர் பக்கம், விவசாயி மகன்:
எங்க அப்பா கதை வேற திசை. வருஷக்கணக்கா இளைப்பு, ஸ்டீராய்டு மாத்திரையிலதான் ஓடிட்டிருந்தார். ரத்தத்துல ஈஸ்னோபில் (அலர்ஜி, புழு இருந்தா கூடுற வெள்ளையணு) எப்பவும் கூட. ஒரு இடத்துல யானைக்கால் ஆன்டிபாடி (எதிர்ப்புப் பொருள்) டெஸ்ட் போட்டு பாசிட்டிவ்ன்னாங்க. கொசுக்கடியில பொறந்து வளர்ந்த ஆளு, சரிதான்னு நாங்களும் நம்பினோம். யானைக்கால் மாத்திரை குடுத்தும் ஈஸ்னோபில் எறங்கல.

அப்புறம் போன இடத்துல டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "ஐயா, வயல்ல செருப்பு போடுவீங்களா?" சேத்துல யார் செருப்பு போடுறா! மலத்தை ஒரு தடவைக்கு மேல வாங்கிப் பார்த்தாங்க. நூல் மாதிரி குட்டிப் புழு நெளியுதுன்னாங்க. ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ்னு பேர். வெறுங்கால் வழியா ஏறி, உடம்புக்குள்ளயே குஞ்சு பொரிச்சு, பத்து இருபது வருஷம்கூட இருக்குமாம். யானைக்கால் புழுவும் இதுவும் ஒரே உருண்டைப்புழு ஜாதி, அதனாலதான் ஆன்டிபாடி டெஸ்ட் ஒண்ணுக்கு ஒண்ணு மாத்திக் காட்டுதுன்னு விளக்கினார். பள்ளிக்கூடத்துல பூச்சிக்குக் குடுக்கிற அல்பெண்டசோல் ஒத்தை மாத்திரைக்கு இது சரியாப் போகாது, ஐவர்மெக்டின் குடுத்தார்.

இதுல எனக்கு உறைச்சது ஸ்டீராய்டு விஷயந்தான். இந்தப் புழு உள்ள இருக்கும்போது ஸ்டீராய்டு மாத்திரை போட்டா, அது பெருகி நுரையீரல், ரத்தம்னு பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். இன்ஹேலரைச் சொல்லல, அதை யாரும் பயந்து நிறுத்திடாதீங்க.

ரிட்டயர்டு ஹெல்த் இன்ஸ்பெக்டர்:
திருவாரூர் தம்பி சொன்னதை ஒட்டி. நாங்க வேலை பார்த்த காலத்துல யானைக்கால் சர்வேன்னா ராத்திரிதான். பத்து மணிக்கு மேல தெருத்தெருவா விரல்ல ரத்தம் எடுப்போம், அந்தப் புழுக்குஞ்சு ரத்தத்துல வெளியில வர்ற நேரம் அது. "தூங்குற மனுசனை எழுப்பி ஊசி குத்துறியே"ன்னு திட்டு வாங்காத தெரு கும்பகோணத்துல கெடையாது. இப்ப வர்ற கார்டு டெஸ்ட் புழு வெளியிடுற பொருளையே பிடிக்கிறது, பகல்லயும் எடுக்கலாம். ஆன்டிபாடி டெஸ்ட்டோட அதைக் குழப்பிக்காதீங்க. எங்களை மாதிரி ஊர்ல ஆன்டிபாடி பாசிட்டிவ்னா அந்தப் புழு உள்ள கொசு எப்பவோ கடிச்சிருக்குங்கிற அளவுக்குக்கூட இருக்கலாம்.

அதே சமயம் யானைக்கால் கிருமியால வர்ற இளைப்பும் உண்டு. ராத்திரி வறட்டு இருமல், ஈஸ்னோபில் 3000-க்கு மேல, ஐஜிஇ எக்கச்சக்கம். ஆனா ராத்திரி ரத்தத்துலயும் புழுக்குஞ்சு தென்படாது, உடம்பு அதை நுரையீரல்லயே மடக்கிடும். 1940-ல மதனப்பள்ளி டிபி ஆஸ்பத்திரி டாக்டர்கள்தான் இதை டிபி மாதிரி தெரியுற நோய்ன்னு எழுதினாங்க. யானைக்காலுக்குக் குடுக்கிற டிஇசி மாத்திரையை எடைக் கணக்குல மூணு வாரம் குடுத்தா பெரும்பாலும் சீக்கிரமே மூச்சு விடும். ஆஸ்துமான்னே மருந்து சாப்பிட்டுக் கெடந்தவங்களைப் பார்த்திருக்கேன்.

மன்னார்குடி அம்மா:
எல்லாருக்கும் நன்றி. மலப் பரிசோதனையில உருண்டைப்புழு முட்டை இருந்தது. மாமியார் முகத்தைப் பார்க்கணுமே! அல்பெண்டசோல் 400 குடுத்தாச்சு. புது டாக்டர் இறாலை நிறுத்த வேண்டாம்னுட்டார். ஆனா தூசிப்பூச்சியை விட்டுடாதீங்க, இளைப்புக்கு அது தனிக் காரணமா இருக்கலாம்னார். மெத்தை, தலையணை உறையெல்லாம் வெந்நீர்ல துவைக்கச் சொன்னார். ஐஜிஇ எறங்கிடுச்சான்னு அடுத்த வாரம் ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்க்கவா?

லேப் தம்பி, கும்பகோணம்:
வேண்டாம்க்கா, காசு வேஸ்ட். புழு போனாலும் ஐஜிஇ எறங்க மாசக்கணக்காகும். டாக்டர் கேட்டா மலத்தை மட்டும் மறுபடி பாருங்க.