எந்த டெலஸ்கோப் வாங்கலாம்?

அக்கா: சித்தப்பா, வேலை முடிந்து வந்தால் மொபைலைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. உங்களை மாதிரி வானம் பார்க்க ஆசையாக இருக்கிறது. எந்த டெலஸ்கோப் வாங்கலாம்?

சித்தப்பா: ரொம்ப சந்தோஷம்மா! ஆனால் டெலஸ்கோப் இப்போது வேண்டாம். முதலில் ஒரு பைனாகுலர் வாங்கு.

தம்பி: பைனாகுலரில் என்ன பெரிதாகத் தெரிந்துவிடும்? 500 மடங்கு பெரிதாகக் காட்டும் டெலஸ்கோப்புக்கே விளம்பரம் வருகிறதே.

சித்தப்பா: அந்த 500 மடங்கை நம்பாதேடா. உள்ளே எவ்வளவு ஒளி வருகிறது என்பதுதான் முக்கியம். முன் லென்ஸ் எத்தனை மில்லிமீட்டரோ அதை இரண்டால் பெருக்கிக்கொள். 60 மி.மீ. என்றால் 120 மடங்கு. அதற்கு மேல் போனால் எல்லாம் மங்கலாகத்தான் தெரியும். ஸ்டாண்டும் லேசாக இருந்துவிட்டால் பார்க்கிற பொருள் ஆடிக்கொண்டே இருக்கும். ஆசையாக வாங்கியவர்கள் பலர் ஒரே மாதத்தில் மூலையில் வைத்துவிடுவது இதனால்தான்.

அம்மா: பைனாகுலரில் 10×50 என்று போட்டிருக்கிறதே, அது என்ன?

சித்தப்பா: 10 மடங்கு பெரிதாகக் காட்டும் அண்ணி, லென்ஸ் 50 மி.மீ. அகலம். கை நடுங்கும் என்றால் 7×50 எடுங்கள், ஆட்டம் குறைவாகத் தெரியும்.

அக்கா: சரி, முதலில் எதைப் பார்ப்பது?

சித்தப்பா: நிலாவை. பௌர்ணமி அன்று வேண்டாம், அன்று வெளிச்சம் நேராக விழுவதால் எல்லாம் தட்டையாகத் தெரியும். அரைநிலாவில் வெளிச்சமும் இருட்டும் சேருகிற கோட்டை ஒட்டிப் பார். பள்ளங்களின் நிழல் நீளமாக விழுந்து, மேடு பள்ளம் எல்லாம் எடுத்துக் காட்டும்.

அப்புறம் வியாழன். முழங்கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு பார்த்தால் பக்கத்தில் புள்ளி புள்ளியாக நிலாக்கள் தெரியும். 1610 ஜனவரியில் கலிலியோ பார்த்த அதே நான்கு. சில நாள் நான்கும் தெரியாது, ஒன்றிரண்டு வியாழனுக்கு முன்னாலோ பின்னாலோ போயிருக்கும். மறுநாள் பார், இடம் மாறியிருக்கும். ஒரு நோட்டில் தினமும் வரைந்து வை. எனக்கு இந்தப் பழக்கம் பிடித்துப்போனதே அப்படி வரைந்து பார்த்த பிறகுதான்.

தம்பி: சனியின் வளையம்?

சித்தப்பா: அதற்கு டெலஸ்கோப் வேண்டும். ஆனால் கார்த்திகைக் கூட்டத்துக்கு பைனாகுலர்தான் அழகு. வெறும் கண்ணுக்கு ஆறேழு நட்சத்திரம் தெரிகிற இடத்தில் பல டஜன் தெரியும். டெலஸ்கோப்பில் கூட்டம் முழுவதும் ஒரே பார்வைக்குள் அடங்குவது கஷ்டம். நல்ல இருட்டு கிடைத்தால் ஆண்ட்ரோமெடா என்கிற கேலக்ஸியையும், அதாவது நம் பால்வெளி மாதிரி இன்னொரு பெரிய நட்சத்திர மண்டலத்தையும் தேடு. மங்கலான திட்டு மாதிரிதான் இருக்கும். ஆனால் அந்த ஒளி கிளம்பி சுமார் 25 லட்சம் ஆண்டுகள் ஆகிவிட்டன! ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்குச் சிலிர்க்கிறது.

அக்கா: எங்கள் தெருவில் விளக்கு அதிகம் சித்தப்பா.

சித்தப்பா: நிலாவுக்கும் கிரகங்களுக்கும் அது பெரிய தடையில்லை. மங்கலானவற்றுக்குத்தான் இருட்டு வேண்டும். கண் இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடம் ஆகும். நடுவில் மொபைலைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அம்மா: அப்படியென்றால் எனக்கும் ஒன்று, 7×50.

சித்தப்பா: கண்டிப்பாக வாங்குங்கள் அண்ணி. அமாவாசை கழிந்து ஒரு வாரத்தில் அரைநிலா வந்துவிடும், சாயங்காலமே உயரத்தில் நிற்கும். சூரியன் முழுதாக மறைந்த பிறகே பைனாகுலரைக் கையில் எடுங்கள். தப்பித்தவறிகூட சூரியன் பக்கம் திருப்பிவிடக் கூடாது, பார்வையே போய்விடும்.