பெட்டி வந்தால்தான் படம்

தங்கச்சி நீட் தேர்வு எழுதிய 2025 மே 4, ஞாயிறன்று எங்கள் குடும்பக் குழுவில் ஓடிய அரட்டை இது. பெரியம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் பகிர்கிறேன். என் போனில் பதிந்திருக்கிற மாதிரியே ஆட்களின் பெயர். காலை வணக்கப் படங்களையும் ஸ்டிக்கர்களையும் நீக்கிவிட்டேன். இந்தக் குழுவில் இங்கிலீஷ் எழுத்து வந்தால் ஆளைத் தூக்கிவிடுவார்கள். அதனால்தான் எல்லாரும் இவ்வளவு ஒழுங்காகத் தமிழில் எழுதுகிறோம்.

*ஆச்சி வீட்டுத் திண்ணை*

*பிற்பகல் 1:34*

நான்: உள்ளே போய்விட்டாள். கேட்டைச் சாத்தியாச்சு. கம்மல் இரண்டும் கொலுசும் என் சட்டைப் பையில்.

அம்மா: தண்ணீர் பாட்டிலை விட்டார்களா

நான்: விட்டார்கள்

அம்மா: முகம் எப்படி இருந்தது

நான்: எப்போதும் போல அவள் முகம் மாதிரிதான் இருந்தது

அம்மா: உனக்கு எல்லாமே கேலி

டீச்சர் பெரியம்மா: ஐந்து மணி வரை நீட், மார்க், கட்ஆஃப் என்று இங்கே ஒரு சொல் வரக்கூடாது. வந்தால் நீக்கிவிடுவேன். தங்கையானாலும் சரி. வேறு ஏதாவது பேசுங்கள்.

ஆப்பரேட்டர் மாமா: இன்றைக்கு அக்னி நட்சத்திரம் தொடக்கம். அதைப் பேசுவோமா

டீச்சர் பெரியம்மா: பிள்ளை வெயிலில் நிற்கிறான். அதுவும் வேண்டாம்.

நான்: வேப்பமரத்து அடியில் அப்பாமார் கூட்டம், நிற்க இடம் இல்லை. நுங்கு வண்டி நிழலில் ஒதுங்கியிருக்கிறேன். இப்போதுதான் ஓலையில் வாங்கினேன்.

சென்னை மதினி: கொழுந்தனாரே, இன்றைக்கு மே 4! நீங்களே மறந்தால் எப்படி?

நான்: அட, ஆமாம் மதினி! ஸ்டார் வார்ஸ் நாள்!

டீச்சர் பெரியம்மா: அது என்ன நாள்?

சென்னை மதினி: அந்தப் படத்தில் ‘மே த ஃபோர்ஸ் பி வித் யூ’ என்று ஒருவருக்கொருவர் ஆசி சொல்வார்கள் அத்தை. சக்தி உன்னோடு இருக்கட்டும் என்று. காதில் ‘மே ஃபோர்த்’ போல விழும். அதனால் மே நான்கு.

டீச்சர் பெரியம்மா: சிலேடை. காளமேகம் இருந்தால் மெச்சியிருப்பார். சரி, இதையே பேசுங்கள்.

*1:52*

நான்: போன மாதம் ஜப்பானில் ரசிகர் விழா நடந்தது. அடுத்து இரண்டு படம். 2026 மே 22இல் மாண்டலோரியனும் குரோகுவும். 2027 மே 28இல் ஸ்டார்ஃபைட்டர், ரயன் காஸ்லிங் நாயகன், ஷான் லெவி இயக்கம். முதல் படம் வந்தது 1977 மே. அப்படியென்றால் ஸ்டார்ஃபைட்டர் வரும்போது சரியாக ஐம்பது வருடம். சும்மாவா தேதி குறித்திருப்பார்கள்? பழைய ஆட்கள் யாரையாவது கண்டிப்பாக இறக்குவார்கள் பாருங்கள்.

துபாய் அத்தான்: மாப்ளே, உனக்கு இன்னும் நம்பிக்கை போகவில்லையா? 2019 டிசம்பருக்குப் பிறகு தியேட்டருக்குப் புதுப் படம் ஒன்றாவது வந்ததா? 2020இல் பேட்டி ஜென்கின்ஸ் எடுக்கிற விமானிகள் படம் என்றார்கள், 2023 கிறிஸ்துமஸுக்கு என்றார்கள். 2022இலேயே பட்டியலில் இருந்து தூக்கிவிட்டார்கள். ரே என்ற நாயகியின் கதை தொடரும் என்று, அவளாக நடித்த டெய்ஸி ரிட்லியை லண்டனில் மேடை ஏற்றிக் கைதட்டு வாங்கினார்கள். அது 2023 ஏப்ரல். எழுதுகிற ஆள் மாறிக்கொண்டே இருக்கிறார், படத்தைக் காணோம். அடுத்த வருடம் டிசம்பரில் ஒரு இடம் பிடித்து வைத்திருந்தார்கள், போன நவம்பரில் அதையும் ‘ஐஸ் ஏஜ்’ கார்ட்டூனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஆப்பரேட்டர் மாமா: பெட்டி வந்ததா?

துபாய் அத்தான்: எந்தப் பெட்டி மாமா?

ஆப்பரேட்டர் மாமா: படப் பெட்டி. நான் டவுனில் கொட்டகையில் இருந்த காலத்தில் வெள்ளிக்கிழமை புதுப்படம் என்று மாட்டு வண்டியில் தட்டி கட்டி, மைக் போட்டு, நோட்டீஸ் வீசிவிட்டு வருவார்கள். நான் ஜங்ஷனில் போய் நிற்பேன். ரயில் வரும், பெட்டி வராது. கூட்டம் கல்லெறியும். மறுபடி பழைய பக்திப் படத்தையே ஓட்டுவோம். அதனால் தட்டியைப் பார்த்து நான் எதையும் நம்பியது கிடையாது. பெட்டியைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டின பிறகுதான் அது படம்.

துபாய் அத்தான்: மாமா சொன்னதை டிஸ்னிக்காரன் காதில் யாராவது போடுங்கள். 405 கோடி டாலர் கொடுத்து 2012இல் ஸ்டார் வார்ஸ் கம்பெனியை வாங்கிவிட்டுத் தட்டி மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறான்.

சென்னை மதினி: அண்ணே, அப்படிப் பொத்தாம் பொதுவாகச் சொல்லாதீர்கள். ஸ்டார் வார்ஸ் தொடர் ஆண்டோர், அதன் இரண்டாம் சீசன் பார்க்கிறீர்களா? வாரம் மூன்று பகுதி வருகிறது. மந்திர வாள் இல்லை, சக்தி படைத்த ஜெடாய் வீரர்கள் இல்லை. பயந்துபோன சாதாரண ஜனங்கள்தான். எனக்கு இந்த மொத்த வரிசையிலேயே அதுதான் உசத்தி.

துபாய் அத்தான்: அது டிவி. நான் கேட்டது சினிமா.

*2:20*

அம்மா: ஆரம்பித்திருக்கும்

டீச்சர் பெரியம்மா: எச்சரிக்கை ஒன்று.

ஆப்பரேட்டர் மாமா: மருமகனே, அந்தக் குரோகு என்பவன் யார், சொல்லு. அக்காவும் கேட்கட்டும்.

நான்: பச்சை நிறம், முயல் மாதிரி காது, ஒரு முழ உயரம் இருப்பான். யோடா என்ற பெரிய குருவின் இனம். மாண்டலோரியன் என்ற, கவசம் போட்ட கூலி வீரன் ஒருவன் அவனைத் தூக்கிக்கொண்டு அலைந்து, கடைசியில் தத்து எடுத்துக்கொள்கிறான். கைக்குழந்தைதான், ஆனால் கதை தொடங்கும்போதே வயது 50.

சின்னவன்: ஆச்சி சொல்லச் சொன்னாள்: “அம்பது வயசாவியும் இடுப்புல தூக்கிட்டுத் திரியணுமா? நம்ம வீட்டுலயும் ஒருத்தன் இருந்தாம்லா.”

ஆப்பரேட்டர் மாமா: அம்மா, நான் குழுவில்தான் இருக்கிறேன்

நான்: 😂 சரி, இப்போது என் ஊகத்தைக் கேளுங்கள். ஸ்டார்ஃபைட்டர் கதை, 2019 படம் முடிந்து ஐந்து வருடம் கழித்து நடக்கிறது என்று சொல்லியாச்சு. மாண்டலோரியன் டிவித் தொடரின் காலத்துக்கும் அதற்கும் ஏறத்தாழ 30 வருடம். அப்போது குரோகுவுக்கு வயது 80. யோடா சாகும்போது 900. தான் 800 வருடமாகப் பாடம் சொல்வதாக அவரே சொல்வார். 900இல் 800 போனால் 100. ஆக அந்த இனத்தில் 100 வயதில் வாத்தியார் ஆகலாம். ரே புதுப் பள்ளி தொடங்குகிறாள் என்றால் அங்கே உதவி வாத்தியார் யார்? 80 வயதுக் குரோகு!

சென்னை மதினி: ஐயோ, நல்லாயிருக்கே!

துபாய் அத்தான்: அப்படியென்றால் ரே கிடந்து அல்லாடிய மூன்று படத்திலும் இந்த உதவி வாத்தியார் எங்கே போயிருந்தார்? லீவா?

நான்: அந்தப் படங்களை எழுதும்போது குரோகு என்ற எண்ணமே வெளியே வரவில்லை அத்தான். மாண்டலோரியன் டிவித் தொடர் வந்தது 2019 நவம்பர். ரேயின் கடைசிப் படம் அடுத்த மாதம்.

துபாய் அத்தான்: அதைத்தான் சொல்கிறேன். ஓட்டையை அடைக்க அடுத்த படம், அதன் ஓட்டைக்கு இன்னொரு படம்.

டீச்சர் பெரியம்மா: புராணம் எல்லாம் அப்படித்தான் வளரும் மாப்பிள்ளை. ஒரு பாத்திரம் நடுவில் எங்கே போனான் என்று கேட்டால் உடனே ஒரு தலபுராணம் கிடைக்கும். நம் பக்கத்துக் கோயில் ஒவ்வொன்றுக்கும் ஒன்று இருக்கிறது.

சென்னை மதினி: என் ஊகம் வேறு. 2026 படத்தில் அந்தக் கவச வீரன் இறந்துவிடுவான். ஜப்பா என்று ஒரு பெரிய தாதா இருந்தானே, அவன் மகன் ரோட்டா இதில் வருகிறான். ஜெரமி ஆலன் வைட் குரல். 2008 கார்ட்டூனில் தொட்டில் பிள்ளையாக வந்தவன் வளர்ந்து நிற்கிறான். ஒரு பக்கம் பெற்ற அப்பனை இழந்த தாதா மகன், ஒரு பக்கம் தத்துப் பிள்ளை. இரண்டு பிள்ளைகளைக் காட்டினால் ஓர் அப்பன் போகத்தானே வேண்டும்?

நான்: கவச வீரனாக நடிக்கிற பெட்ரோ பாஸ்கலைக் கொல்வார்களா? மாட்டார்கள் மதினி. முகமூடியைக் கழற்றுவான், அவ்வளவுதான்.

டீச்சர் பெரியம்மா: அந்தக் கறுப்பு முகமூடிக்காரன் பெயர் என்ன? மூச்சு விடுவானே.

நான்: டார்த் வேடர்

டீச்சர் பெரியம்மா: வேடரா? கண்ணப்பர் குலமா?

நான்: 🙏

*3:05*

ஆப்பரேட்டர் மாமா: அந்த 1977 முதல் படத்தை நான் ஓட்டியிருக்கிறேன்.

நான்: மாமா! இத்தனை வருடமாகச் சொல்லவே இல்லையே!

ஆப்பரேட்டர் மாமா: நீ கேட்கவில்லை. ஊரெல்லாம் ஓடித் தேய்ந்து கடைசியாகத்தான் எங்களுக்கு வந்தது. திரையில் ஒரே மழை. தொடக்கத்தில் மஞ்சள் எழுத்து சாய்ந்து மேலே போகுமே, ஜனங்கள் அதை நியூஸ் ரீல் என்று நினைத்துப் பீடி வாங்க வெளியே போய்விட்டார்கள். திரும்பி வந்தால் கதை ஓடுகிறது, ஒன்றும் விளங்கவில்லை. மூன்றே நாள்.

ஆப்பரேட்டர் மாமா: ஒன்று மட்டும் மறக்கவில்லை. கிழவர் அந்தப் பையனிடம் வாளைக் கொடுப்பார். அவன் அழுத்தியதும் வெளிச்சம் வரும், கூடவே ஊம்ம்ம் என்று ஒரு சத்தம். நான் பதறிப்போய் எந்திரத்தைத் திரும்பிப் பார்த்தேன். மோட்டாரில் ஏதோ கோளாறு, சுருதி ஏறுகிறது என்று. இரண்டு கார்பனும் சரியாக எரிகிறது, பிலிம் சரியாக ஓடுகிறது. கையை வைத்துப் பார்த்தேன், சூடு இல்லை. எண்ணெய் போடவில்லை என்று ரீவைண்டர் பையனை நாலு வார்த்தை ஏசிவிட்டேன்.

நான்: மாமா, உட்கார்ந்திருக்கிறீர்களா?

ஆப்பரேட்டர் மாமா: கட்டிலில். ஏன்

நான்: அந்தச் சத்தமே புரொஜெக்டர் மோட்டார்தான். ஒலி செய்தவர் பென் பர்ட். மாணவராகக் கல்லூரியில் படம் ஓட்டியவர், உங்களை மாதிரி ஆப்பரேட்டர். படம் ஓடாமல் மோட்டார் மட்டும் சும்மா உறுமுகிற சத்தத்தைப் பதிவு செய்தார். மைக் வயர் பிய்ந்திருந்தது, டிவிப் பெட்டியின் பின்பக்கம் போனபோது ஒரு இரைச்சல் பிடித்தது. இரண்டையும் கலந்தார். வாள் வீசுகிற சத்தத்துக்கு, அதை ஸ்பீக்கரில் போட்டு, முன்னால் இன்னொரு மைக்கை அப்படியும் இப்படியும் ஆட்டினார்.

*3:19*

நான்: மாமா?

சென்னை மதினி: ‘டைப் செய்கிறார்’ என்று காட்டுகிறது, அப்புறம் நின்றுவிடுகிறது

ஆப்பரேட்டர் மாமா: அப்படியானால் என் காது சரியாகத்தான் இருந்திருக்கிறது.

ஆப்பரேட்டர் மாமா: அந்தப் பையன் பாவம். இப்போது பேட்டையில் பேரன் எடுத்துவிட்டான். ராத்திரி கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

நான்: இன்னும் இருக்கிறது. வில்லன் கூட்டத்துச் சின்ன விமானம் கிறீச்சென்று போகுமே, அது யானைப் பிளிறலும், ஈர ரோட்டில் கார் போகிற சத்தமும். துப்பாக்கிச் சத்தம், உயரமான கம்பத்தை இழுத்துக் கட்டிய கம்பியைச் சுத்தியலால் தட்டியது.

சின்னவன்: ஆச்சி யானை என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். “நம்ம காந்திமதி ஒரு சத்தம் போட்டா சன்னதி தெருவே திரும்பிப் பாக்கும்” என்கிறாள்.

டீச்சர் பெரியம்மா: மார்கழிக் கடைசியில் போய்ச் சேர்ந்தது. 56 வயது. நெல்லையப்பர் தேருக்கு முன்னால் அது இல்லாமல் ஆனியில் எப்படிப் பார்க்கப் போகிறோமோ.

சின்னவன்: ஆச்சி கேட்கிறாள்: “படத்துல கத்துன யானைக்கு ஒரு கட்டு கரும்பாவது வாங்கிக் கொடுத்தானா அந்தப் பய?”

துபாய் அத்தான்: எனக்கு இனிமேல் அந்த விமானம் வந்தால் காந்திமதிதான் ஞாபகம் வரும். நல்லா வில்லனாக்கினீர்கள்.

*4:10*

அம்மா: இன்னும் ஐம்பது நிமிடம்

டீச்சர் பெரியம்மா: இரண்டாம் எச்சரிக்கை.

ஆப்பரேட்டர் மாமா: விடுங்கள் அக்கா, பெற்றவள். மருமகனே, 2027 படத்தில் அந்த மஞ்சள் தலை நடிகன் நல்லவனா கெட்டவனா?

நான்: காஸ்லிங்கா? என் கணக்கில் அவனுக்குச் சக்தி எதுவும் இருக்காது, வெறும் விமானி. படத்துப் பெயரே அப்படித்தானே. சக்தி இருக்கிற சின்னப் பிள்ளை ஒன்றை அவன் கையில் ஒப்படைப்பார்கள். 2017 படத்தின் கடைசியில் குதிரை லாயத்தில் ஒரு பையன் துடைப்பத்தைத் தொடாமலே கைக்கு வரவழைப்பான், ஞாபகம் இருக்கிறதா? எட்டு வருடமாக அவனை அப்படியே விட்டுவிட்டார்கள். அவன் வந்தால் நான் தியேட்டரில் எழுந்து நின்று விசில் அடிப்பேன்.

துபாய் அத்தான்: புதுப் பாத்திரங்கள், தனிக்கதை என்று சொல்லிவிட்டார்கள். துடைப்பம் வராது.

நான்: பந்தயம்?

துபாய் அத்தான்: தோற்றால் நான் ஊருக்கு வரும்போது உனக்கு இருட்டுக்கடை அல்வா இரண்டு கிலோ. வரிசையில் நானே நிற்கிறேன்.

சென்னை மதினி: படம் வராவிட்டால்?

ஆப்பரேட்டர் மாமா: நான் கடலைமிட்டாய் வாங்கித் தருகிறேன். எனக்கு அனுபவம் இருக்கிறது.

*5:14*

நான்: வந்துவிட்டாள். போனைப் பிடுங்கிவிட்டாள். இது

நான்: நான்தான், தங்கச்சி. 160 மெசேஜ் படித்தேன். அண்ணன் சொன்ன குரோகு கணக்கு உதைக்கிறது. 900 வயது வாழ்கிற இனத்தில் 80 என்றால் நம் கணக்குக்கு ஏழு வயது. ஏழு வயதுப் பிள்ளையா உதவி வாத்தியார்? யோடாவும் ஒன்பது வயதிலேயே டியூஷன் எடுத்திருக்கிறார் என்று ஆகிறது. உயிரியல் படி ஒத்துவராது.

துபாய் அத்தான்: சபாஷ்!

அம்மா: அது கிடக்கட்டும். எப்படி

டீச்சர் பெரியம்மா: மணி ஐந்து ஆகிவிட்டது. கேட்கலாம்.

நான்: இயற்பியல் இழுத்துவிட்டது. மீதியைக் கேட்காதீர்கள். சொதி மிச்சம் இருக்கிறதா?

அம்மா: உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். வா.

ஆப்பரேட்டர் மாமா: ரிசல்ட் பெட்டி ஜூனில்தானே வரும். அதுவரை தட்டி எதுவும் கட்டாதீர்கள். 2026 மே 22 வெள்ளிக்கிழமை, எனக்கும் ஒரு டிக்கெட் போடு மகளே. புரொஜெக்டர் பக்கத்து சீட்.

நான்: இப்போது அப்படி சீட் எல்லாம் கிடையாது மாமா, ஆனால் போடுகிறேன். இருங்கள். அண்ணன் பையில் கொலுசு இருக்கிறது, கம்மல் ஒன்றுதான் இருக்கிறது. இன்னொன்று?

அம்மா: என்னது

நான்: அண்ணன்தான். நுங்குக்குக் காசு எடுத்தபோது விழுந்திருக்கும். வண்டி மார்க்கெட் பக்கம் நகர்ந்துவிட்டது, பின்னாலேயே ஓடிக்கொண்டிரு

ஆப்பரேட்டர் மாமா: ஓடும்போது டைப் அடிக்காதேலே