வெயில் அடிக்கும்போது ‘அண்டர் தி வெதர்’ என்கிறாரே?

ஏரிச்சாலை டிரைவர்:
கொடைக்கானலில் டாக்ஸி ஓட்டுகிறேன். பேரிஜம் ஏரிக்குப் போக வனத்துறை ஆபீஸில் காலையிலேயே நின்று பாஸ் வாங்கி வைத்திருந்தேன். கூட்டிப்போக வேண்டிய இங்கிலாந்துக்காரர், ‘ஐ ஆம் அ பிட் அண்டர் தி வெதர். டுமாரோ?’ என்று மெசேஜ் போட்டிருக்கிறார். இங்கே மழையும் இல்லை, மஞ்சும் இல்லை, வெயில் சுள்ளென்று அடிக்கிறது. வானத்தை போட்டோ எடுத்து அனுப்பட்டுமா?

பண்ணைக்காடு டீச்சர்:
அனுப்பாதீர்கள் தம்பி. மனுஷனுக்கு மேலுக்கு முடியவில்லை, அவ்வளவுதான். சளி, தலைவலி, வயிற்றுக் கோளாறு, ராத்திரி கொஞ்சம் கூடுதலாகக் குடித்தது எல்லாவற்றுக்கும் இதைச் சொல்வார்கள். என்ன உபாதை என்று விவரிக்காமல் நழுவ வசதியான பேச்சு. அதனால் ‘வயிறா சார்?’ என்று தோண்ட வேண்டாம். ‘டேக் ரெஸ்ட் சார், டுமாரோ மார்னிங் ஓகே’ போதும். என் வகுப்புப் பிள்ளைகள் லீவ் லெட்டரில் இதை எழுதினால் கோடு போட்டு அடித்துவிடுவேன். பேச்சுக்கும் மெசேஜுக்கும் சரி, விண்ணப்பத்துக்கு ‘நாட் வெல்’தான் அழகு. கப்பல்காரர்கள் பேச்சிலிருந்து வந்தது என்பார்கள். அலையில் தலை சுற்றியவரைக் கீழ்த்தளத்துக்கு அனுப்புவார்களாம். கதை நன்றாக இருக்கிறது, ஆதாரம்தான் பலமில்லை.

பெருமாள்மலை கடைக்காரர்:
வத்தலக்குண்டு வழியாக ஏறியிருப்பார், வளைவு வளைவாகக் குடலைப் புரட்டியிருக்கும். சுக்குக் காபி வாங்கிக் கொடுங்கள். வெள்ளைக்காரர்கள் இந்த மலைக்கு வந்ததே அண்டர் தி வெதர் ஆகித்தானே! கீழே காய்ச்சலில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்ததால்தான் மதுரை அமெரிக்க மிஷன்காரர்கள் 1845இல் இங்கே 7,000 அடி உயரத்தில் பங்களா கட்டினார்கள்.

பண்ணைக்காடு டீச்சர்:
வரலாறு சரி அண்ணே, பிரயோகம் தப்பு. சாகிற அளவு காய்ச்சலுக்கு இது பொருந்தாது. கால் ஒடிந்து கட்டுப் போட்டுக் கிடப்பவருக்கும் சொல்ல முடியாது. இரண்டு நாளில் எழுந்து நடமாடுகிற உபாதைக்குத்தான். ‘அ பிட்’, ‘அ லிட்டில்’ என்று முன்னால் ஒட்டிக்கொள்வதும் அதனால்தான்.

ஏரிச்சாலை டிரைவர்:
நீங்கள் சொன்னபடியே அனுப்பினேன், உடனே கட்டைவிரல் வந்துவிட்டது. பாஸுக்குத்தான் மறுபடி நிற்க வேண்டும். அப்புறம் டீச்சர், நானே சொல்வதென்றால் ‘ஐ ஹேவ் அண்டர் தி வெதர்’ என்று சொல்லலாமா?

பண்ணைக்காடு டீச்சர்:
‘ஹேவ்’ காய்ச்சலுக்கும் தலைவலிக்கும். இதற்கு ‘ஐ ஆம்’, இல்லையென்றால் ‘ஐ ஆம் ஃபீலிங்’. நாளைக்குச் சீக்கிரம் கிளப்புங்கள், மத்தியானம் ஆனால் தூண்பாறையை மஞ்சு மூடிவிடும்.