14 மணி நேரப் பயணம்: அம்மாவுக்கு ஜன்னலோரமா, நடைபாதையோரமா?

வைகைக்கரை:
அம்மாவுக்கு வயது 68. அடுத்த மாதம் சென்னையிலிருந்து வளைகுடா வழியாக நியூயார்க் வருகிறார். முதல் விமானம் நான்கு மணி நேரச் சொச்சம்; அதைப் பற்றிக் கவலை இல்லை. இரண்டாவது ஏறக்குறைய 14 மணி நேரம். போயிங் 777, சாதாரண வகுப்பு, வரிசைக்கு 3-4-3 என்று பத்து இருக்கைகள். துணைக்கு யாரும் இல்லை. சர்க்கரை நோய் உண்டு, வலது முழங்காலில் தேய்மானம். போன முறை ஜன்னலோரம் எடுத்துக் கொடுத்தேன். வந்து இறங்கியபோது இரண்டு பாதங்களும் வீங்கி, செருப்பு வாரின் தடம் தோலில் பள்ளமாகப் பதிந்திருந்தது. இந்த முறை நடைபாதையோரம் என்கிறேன் நான். ஜன்னலோரம்தான் வேண்டும், அப்போதுதான் அம்மா தூங்குவார் என்கிறாள் தங்கை. டிக்கெட் வாங்கியாகிவிட்டது, இருக்கைக்குத்தான் தனியாகப் பணம் கட்ட வேண்டும். போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜன்னலோரம்:
உங்கள் தங்கை சொல்வதுதான் சரி. பதினைந்து ஆண்டுகளாக ஆண்டுக்கு இரண்டு முறை அமெரிக்கா போய்வருகிறேன். நடைபாதையோரம் உட்கார்ந்த பயணங்களில் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கியதில்லை. உள்ளே இருக்கும் இருவரும் எழும்போதெல்லாம் நாமும் எழ வேண்டும். நடந்து போகிறவர்கள் ஆளாளுக்கு ஒரு கை தோளில் வைத்துவிட்டுப் போவார்கள். ஒருமுறை உணவு வண்டியின் விளிம்பு முழங்காலில் இடித்து இரண்டு நாள் நொண்டினேன். தேய்மானம் உள்ள முழங்காலை அந்த வண்டிப் பாதையில் நீட்டி வைக்கலாமா? ஜன்னலோரம் என்றால் சுவரில் ஒரு தலையணையைச் சாய்த்துக்கொள்ளலாம், யாரும் தொடமாட்டார்கள். வயதானவர்களுக்குத் தூக்கம்தான் முதல் வசதி.

செவிலி:
நான் செவிலியர். ஜன்னலோரம் ஐயா சொல்லும் தூக்கத்தைத்தான் நான் அஞ்சுகிறேன். காலை மடக்கியபடி ஐந்து, ஆறு மணி நேரம் அசையாமல் தூங்கினால் கெண்டைக்கால் தசை வேலை செய்யாது. இரத்தம் காலிலேயே தேங்கும். அந்தத் தசை சுருங்கி விரிந்தால்தான் கீழே இறங்கிய இரத்தம் மேலே ஏறும். உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு முடிவின்படி, நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே பயணம் செய்தால் இரத்தக் குழாயில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காகிறது. ஆரோக்கியமானவர்களுக்கு அது 6,000 பேரில் ஒருவருக்கு என்ற அளவுதான், எல்லாரும் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் வயது, பருமன், முன்பே இரத்தக்கட்டி வந்தது, அண்மையில் அறுவை சிகிச்சை என்று சேரச் சேர அது கூடும். இப்படிப்பட்டவர்கள் முடிந்தால் நடைபாதையோரம் உட்காருங்கள் என்று அமெரிக்க நெஞ்சக மருத்துவர் சங்கத்தின் 2012 வழிகாட்டலே சொல்கிறது.

வைகைக்கரை தம்பி, இரண்டு கால்களும் ஒரே மாதிரி வீங்கினால் பெரும்பாலும் உட்கார்ந்தே வந்ததால் வரும் நீர்வீக்கம்தான். ஓரிரு நாளில் வடிந்துவிடும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டையில் வலித்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

பருத்தித்துறை:
என் அம்மம்மாவைக் கொழும்பிலிருந்து லண்டனுக்கு அழைத்த அனுபவத்தில் சொல்கிறேன். அது ஏர்பஸ் ஏ330, வரிசைக்கு 2-4-2. ஜன்னலோரம் இருந்தாலும் எழுப்ப வேண்டியது ஒரே ஒருவரைத்தான். அங்கே இந்தச் சண்டைக்கே இடமில்லை. 777இல் பத்து பேர் வரிசையில் இருக்கை அகலம் 17 அங்குலம்தான். ஒன்பது பேர் உட்காரும் ஏ350இல் ஏறக்குறைய 18. அடுத்த முறையாவது டிக்கெட் வாங்குவதற்கு முன்பே என்ன விமானம் என்று பாருங்கள். அந்த ஓர் அங்குலம் தோளுக்குத் தெரியும்.

புதுவை_மணி:
எதற்கு இவ்வளவு யோசனை? அவசர வழிக்கு அருகே உள்ள வரிசையை எடுங்கள். கால் நீட்ட நிறைய இடம் கிடைக்கும், யாரையும் எழுப்ப வேண்டாம். பணம் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

நெடும்பயணி:
மணி, அந்த இருக்கையை அவருக்குக் கொடுக்கவே மாட்டார்கள். ஆபத்து வந்தால் கதவைத் திறக்கவும் மற்றவர்களை வெளியேற்றவும் உடல்வலு உள்ளவர்தான் அங்கே உட்காரலாம். முழங்கால் வலியோடு வருகிறவரை ஊழியர்கள் எழுப்பி வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

இன்னொருவர் வந்து தடுப்புச் சுவருக்கு எதிரே உள்ள முதல் வரிசையைச் சொல்வதற்குள் அதையும் சொல்லிவிடுகிறேன். முன்னால் யாரும் சாய மாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் சாப்பாட்டுப் பலகை கைப்பிடிக்குள் மடங்கியிருக்கும். அதனால் கைப்பிடியைத் தூக்க முடியாது, இடுப்பகலமும் குறையும். கைக்குழந்தைத் தொட்டில் மாட்டும் இடமும் அதுதான். எல்லாவற்றையும் விட, விமானம் மேலெழும்பும்போதும் தரையிறங்கும்போதும் காலடியில் பை வைக்க முடியாது, மேலே ஏற்றிவிட வேண்டும். சர்க்கரை மாத்திரையும் பிஸ்கட்டும் மேல் பெட்டியில் இருந்தால் அந்த அம்மா எப்படி எடுப்பார்?

ஜன்னலோரம்:
செவிலி சகோதரி சொல்லும் மருத்துவத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் நடைபாதையோரம் உட்கார்ந்த எல்லாரும் எழுந்து நடக்கிறார்களா? இல்லை. ஜன்னலோரம் இருந்துகொண்டே கணுக்காலை மேலும் கீழும் அசைக்கலாம். அழுத்தக் காலுறை போடலாம். பக்கத்தில் இருப்பவர் எழும்போது தானும் எழலாம். 14 மணி நேரத்தில் அவர்கள் மூன்று முறையாவது எழத்தான் செய்வார்கள். இருக்கையை மாற்றுவதைவிட அம்மாவுக்கு நாலு வார்த்தை சொல்லிக்கொடுப்பது மேல்.

வைகைக்கரை:
நேற்று இரவு அம்மாவிடமே கேட்டேன். போன முறை எத்தனை தடவை எழுந்தீர்கள் என்றேன். ஒரு தடவை என்றார். 14 மணி நேரத்தில் ஒரே ஒரு தடவை! ஏன் என்று கேட்டதற்கு, "பக்கத்தில் இரண்டு பையன்கள். பாவம், அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். எப்படி எழுப்புவது? அதனால்தான் தண்ணீரே கேட்கவில்லை" என்றார். சாப்பாட்டோடு வந்த தண்ணீர்க் குவளையைப் பிரிக்காமல் அப்படியே பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். அந்தக் குவளையை நான் பார்த்தேன். வீட்டுக்கு வந்த அன்று பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். வெள்ளித்தாள் மூடிகூடக் கிழியவில்லை. வழியில் குடிக்கத் தந்ததை மிச்சம் பிடித்து வந்திருக்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

செவிலி:
இதைத்தான் எதிர்பார்த்தேன் தம்பி. என் வார்டிலும் பார்க்கிறேன். அந்தத் தலைமுறைப் பெண்கள் பஸ் பயணம் என்றாலே முந்தைய நாள் இரவிலிருந்து தண்ணீரைக் குறைப்பார்கள். வழியில் கழிப்பறை கிடைக்காது என்று வாழ்நாள் முழுவதும் பழகிய உடம்பு. விமானத்துக்குள் காற்று ஏற்கெனவே வறண்டிருக்கும். சர்க்கரை நோயாளி தண்ணீரும் குடிக்காமல், சிறுநீரையும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்தால் எவ்வளவு கெடுதல்! ஜன்னலோரம் ஐயா, நாலு வார்த்தை சொல்லிக்கொடுத்தால் போதும் என்றீர்கள். 68 வயதுக் கூச்சம் ஒரே நாளில் போகாது. யாரிடமும் கேட்காமல் எழுந்து போகக்கூடிய இடத்தில் அவரை உட்கார வையுங்கள்.

ஜன்னலோரம்:
அந்தக் குவளையைப் படித்ததும் என் தாயார் நினைவு வந்துவிட்டது. அவரும் அப்படித்தான். சரி, நடைபாதையோரமே எடுங்கள் என்கிறேன். ஆனால் முதலில் சொன்ன குறை தீரவில்லை. உள்ளே இருக்கும் இருவரும் மாறி மாறி எழுந்தால், வலிக்கும் முழங்காலோடு ஒவ்வொரு தடவையும் அவர்தானே எழுந்து நிற்க வேண்டும்?

நெடும்பயணி:
அதற்கு வழி இருக்கிறது. நடைபாதையோரம் எல்லாம் ஒன்றல்ல. 777இன் வரிசையை நினைத்துப் பாருங்கள்: ஏ, பி, சி; பிறகு டி, ஈ, எஃப், ஜி; பிறகு எச், ஜே, கே. சி-யில் உட்கார்ந்தால் ஏ, பி இருவருக்கும் வழிவிட வேண்டும். நடுத்தொகுதியின் டி-யில் உட்கார்ந்தால் ஈ ஒருவருக்கு மட்டும்தான். எஃப்-இல் இருப்பவர் ஜி பக்கமாகப் போய்விடுவார். தொந்தரவு பாதியாகக் குறைகிறது. நான் தனியாகப் போகும்போது டி அல்லது ஜி தவிர வேறெதையும் எடுப்பதில்லை.

வரிசை எது என்பதும் முக்கியம். இறக்கைக்கு நேராக உள்ள வரிசைகளில் ஆட்டம் குறைவு. வால் பக்கம் போகப் போக அதிகம். கழிப்பறைக்கு ஒட்டிய வரிசை வேண்டாம், ஐந்தாறு வரிசை தள்ளி இருக்கட்டும். முழங்காலுக்கு நடை குறைவாகவும் இருக்கும், கதவுச் சத்தமும் வராது.

புதுவை_மணி:
அவசர வழி பற்றி எனக்குத் தெரியாமல் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். வால் பகுதியில் விமானத்தின் உடல் குறுகுவதால் பல 777களில் கடைசிச் சில வரிசைகள் 2-4-2 ஆக இருக்கும். அங்கே ஜன்னலோரமும் கிடைக்கும், எழுப்ப ஒருவர்தான். தங்கைக்கும் மனம் நிறையுமே?

நெடும்பயணி:
தம்பதிகளுக்கு அருமையான இடம். தனியாக வரும் அம்மாவுக்கு வேண்டாம். அந்த ஒருவரையும் இவர் எழுப்ப மாட்டார் என்றுதானே இவ்வளவும் பேசினோம். ஆட்டமும் அங்கேதான் அதிகம். இறங்கும்போதும் கடைசி ஆளாக நிற்க வேண்டும்.

பருத்தித்துறை:
ஒரு சின்னச் செய்தி. நடைபாதைப் பக்கக் கைப்பிடி தூக்க முடியாதது போலத் தோன்றும். பெரும்பாலான இருக்கைகளில் அதன் அடியில், முதுகுச் சாய்மானத்தோடு சேரும் மூட்டருகே, விரல் நுனிக்குத் தட்டுப்படும் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் கைப்பிடி மேலே எழும். அம்மா காலை நடைபாதைப் பக்கம் திருப்பி, முழங்காலை முறுக்காமல் எழலாம். என் அம்மம்மாவுக்கு ஒரு பணிப்பெண் காட்டிக்கொடுத்தது. விமான நிலையத்தில் சக்கர நாற்காலி வேண்டும் என்று இப்போதே பதிந்துவிடுங்கள். விமானம் மாறும் இடத்தில் நெடுந்தூரம் நடக்க வேண்டியிருக்கும்.

வைகைக்கரை:
நடுத்தொகுதியில், இறக்கைக்குச் சற்றுப் பின்னால் ஒரு டி இருக்கை கிடைத்தது. பணம் கட்டிவிட்டேன், சக்கர நாற்காலியும் பதிந்தாயிற்று. கைப்பிடிப் பொத்தான் எங்கே என்று தங்கை ஒரு தாளில் படம் வரைந்து அம்மாவின் மாத்திரைப் பையில் வைத்திருக்கிறாள். அம்மாவிடம் சொன்னபோது, "அப்படியானால் மேகம் தெரியாதா?" என்று மட்டும் கேட்டார்.

ஜன்னலோரம்:
முதல் விமானத்துக்கு ஜன்னலோரம் எடுத்துக் கொடுங்கள் தம்பி. நான்கு மணி நேரம்தானே.

செவிலி:
அதற்கு நானும் சம்மதம். ஏறுவதற்கு முன் கழிப்பறை போய்வரச் சொல்லுங்கள்.