ஆச்சி வீட்டுக் குழு: பூசணிப் பூ

நான்: [படம்] மாடித் தோட்டத்துப் பூசணியில் பூவுக்குக் குறைச்சல் இல்லை, காய்தான் ஒன்றுகூட நிற்கவில்லை. பூவையாவது பஜ்ஜி போடலாம் என்று 12 பறித்துவிட்டேன்.

பாளை பெரியம்மா: தாராளமாகப் போடலாம். எந்தப் பூவைப் பறித்தாய்? காம்பைக் காட்டு.

நான்: [படம்]

பாளை பெரியம்மா: அடப்பாவி! ஓரத்தில் கிடக்கிற நாலு பூவுக்கு அடியில் உருண்டையாக இருக்கிறதே, அதுதான் பிஞ்சு. பெண்பூ.

அண்ணன்: நாலு பூசணிக்காயை 50 கிராமிலேயே முடித்துவிட்டாள் 😂

பாளை பெரியம்மா: ஆண்பூ நீளக் காம்பில் வெறுமனே நிற்கும். அதைத்தான் பறிக்க வேண்டும். அதிலும் ரெண்டு மூணை விட்டுவை. அதில் உட்கார்ந்த தேனீ பெண்பூவுக்கும் போனால்தான் பிஞ்சு தங்கும். இல்லையென்றால் மஞ்சளாகி உதிரும்.

நான்: போன மாதம் அப்படித்தான் உதிர்ந்தது பெரியம்மா. இங்கே தேனீயையே காணோம்.

பாளை பெரியம்மா: அப்போ நீதான் தேனீ. விடிந்ததும் ஒரு ஆண்பூவின் இதழைக் கிள்ளிவிட்டு, நடுத்தண்டைப் பெண்பூவுக்குள் தடவு. வெயில் ஏறினால் பூ சுருங்கிவிடும்.

அம்பை ஆச்சி (பேசியதை அத்தை டைப் செய்தது): ஏட்டி, பறித்தது பறித்ததுதான். பூவை விரித்து உதறு, எறும்பு இருக்கும். நடுத்தண்டைக் கிள்ளிப் போடு. கடலைமாவில் ஒரு கை அரிசிமாவு சேர்த்துத் தளர்வாகக் கரை. கெட்டியாகத் தோய்த்தால் மாவைத்தான் தின்பாய், பூவை இல்லை.

நான்: இலையையும் சமைக்கலாமா ஆச்சி?

அம்பை ஆச்சி: கொழுந்தாகப் பார்த்துக் கிள்ளு. காம்பில் நாரை உரி. சுணை வெந்தால் போய்விடும். சின்ன உள்ளியும் தேங்காயும் போட்டுத் துவரன் வை.

தென்காசி மாமா: அகத்திப்பூவை விட்டுவிட்டீர்களே! ஆத்தூர்ப் பக்கம் கொடிக்காலில் வெற்றிலை படரவே அகத்தியை நடுவார்கள். வெற்றிலை கடைக்குப் போகும், பூவும் கீரையும் அடுக்களைக்கு வரும். பூ என்றால் எனக்கு உயிர். கீரையைத் துவாதசிக்கு மட்டும், அதுவும் அம்மாவுக்குப் பயந்து.

அம்பை ஆச்சி: பூவில் நடு நரம்பை எடுக்காமல் வைத்தால் அதுவும் கசக்கும். எடுத்துக் கொடுத்தது யார்?

அண்ணன்: பெங்களூரில் ஒரு ஓட்டலில் சாலட் மேல் நஸ்டர்ஷியம் பூவைப் பச்சையாகவே வைத்தார்கள். இலையோடு. ரெண்டிலும் மிளகுக் காரம்.

அம்பை ஆச்சி: அடுப்பு இல்லையாமா அவர்களுக்கு?

சித்தி: [படம்] சின்னவள் வாசலில் இருந்து இதைப் பறித்துவந்து ‘இதையும் பஜ்ஜி போடு’ என்கிறாள்.

பாளை பெரியம்மா: பொன்னரளி! வாயில் வைத்தாளா??

சித்தி: இல்லை அக்கா, நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

பாளை பெரியம்மா: முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. பால் பட்டிருக்கும்.

தென்காசி மாமா: அரளியில் பூ, இலை, விதை எல்லாமே விஷம். இதயத்துடிப்பையே குலைத்துவிடும். வாயில் போட்டிருந்தால் கைவைத்தியம் பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரிதான். கேரளத்தில் 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவசம் போர்டு நைவேத்தியத்தில் அரளியே வேண்டாம் என்று நிறுத்திவிட்டது.

சித்தி: கழுவிவிட்டேன். செடியை நாளைக்கே வெட்டச் சொல்கிறேன்.

நான்: [படம்] பஜ்ஜி தயார். ஒரு விஷயம், பெரியம்மா திட்டக்கூடாது. பிஞ்சோடு போட்ட நாலும்தான் ருசி.

பாளை பெரியம்மா: தெரியும். அதனால்தான் முதலிலேயே சொல்லவில்லை.